கிளிநொச்சியில நடந்த படைப்பு–கூர்ப்பு ஒருநாள் வகுப்பு: 1000 ரூபா குடுத்துப் போகலாமோ?

போன மாசம் ஒரு சனிக்கிழமை, கிளிநொச்சியில ஏ9 ரோட்டால உள்ளுக்க இறங்கிற ஒரு கோயில் மண்டபத்தில, கிறிஸ்தவப் படைப்பு நம்பிக்கையும் கூர்ப்பும் (உயிரினங்கள் கன காலமா மாறி மாறித் தான் இப்பத்தைய உருவத்துக்கு வந்தது எண்டுற விஞ்ஞானம்) ஒத்துப்போகுமோ எண்டு ஒருநாள் வகுப்பு வச்சவை. பெரிய ஆக்களுக்கு 1000 ரூபா, ஏஎல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளையளுக்கு 300, மத்தியானச் சாப்பாடும் ரெண்டு நேரப் பிளேன்ரீயும் அதுக்குள்ள. அடுத்தது முல்லைத்தீவுப் பக்கம் வைக்கப் போகினமாம், போவமோ விடுவமோ எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு உதவட்டும் எண்டு எழுதுறன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ. இடத்தின்ர பேரும் வந்து கதைச்சவையின்ர பேரும் போடேல்ல, குறையும் சொல்லப்போறன், பிறகு ஏன் வில்லங்கம்.

நான் போன காரணம் வீட்டுக்குள்ள நடந்த சண்டை. நாங்கள் வழிவழியா வேதக்காரர், கத்தோலிக்கர், வருசா வருசம் ஆவணியில மடு மாதா கோயிலுக்குப் போற ஆக்கள். மீள்குடியேறி வந்த கையோட என்ர தங்கச்சி குடும்பம் பாஸ்ரர்மாரின்ர சபைக்கு மாறீட்டினம், அதில எங்களுக்குள்ள கோவம் ஒண்டும் இல்ல, கிறிஸ்மஸுக்கு கேக் இஞ்சயும் அங்கயும் போய் வரும். ஆனா என்ர மூத்தவள் ஏஎல்லுக்கு பயோ செய்யிறாள், கூர்ப்புப் பாடம் வந்த நேரம் தங்கச்சிட மகன் வந்து, அக்கா உதைப் படிக்கிறது வேற, சரி எண்டு எழுதிறது வேற, எழுதினா கர்த்தரை மறுதலிச்ச மாதிரி எண்டு சொல்லிப்போட்டான். இவளும் நாலு நாள் கொப்பியைத் திறக்கேல்ல. நான் படிச்சது கொமர்ஸ், எனக்கென்ன தெரியும், பூசைக்குப் போனா பாதர் உதுகளைப் பற்றிப் பிரசங்கத்தில சொல்லுறதும் இல்ல. அந்த நேரம் பாத்து இந்த நோட்டீஸ் வந்தது, தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு போனன்.

முதல் குறையைச் சொல்லீடுறன். எட்டரைக்குத் தொடங்கும் எண்டு போட்டிட்டு ஒம்பதே முக்காலுக்குத் தான் மைக் வேலை செய்தது, அதுவும் பத்து நிமிசத்தில கரண்ட் போய், ஃபேனும் இல்ல புரொஜெக்டரும் இல்ல, தகரக் கூரை வேற, பிளாஸ்ரிக் கதிரையில முதுகு ஒட்டிப்போச்சு. கையேடு எண்டு ஒண்டு தந்தவை, 12 பக்கம், இந்தியாவில ஆரோ எழுதினதை எடுத்து அப்பிடியே ஃபோட்டோக்கொப்பி அடிச்சிருக்கினம். அதில முழுக்கப் பரிணாமம் பரிணாமம் எண்டு கிடக்கு. எங்கட பிள்ளையள் சோதினைக்கு எழுதுறது கூர்ப்பு, பக்கத்தில இருந்த ஒரு பெடியன், அன்ரி பரிணாமம் எண்டா வேற பாடமோ எண்டு என்னட்டக் கேக்கிறான். உயிர்ச்சுவடு எண்டு படிக்கிற பிள்ளைக்குப் புதைபடிவம், நிறமூர்த்தம் எண்டு படிக்கிற பிள்ளைக்குக் குரோமோசோம். ஒரு மணித்தியாலம் இருந்து எங்கட சொல்லுக்கு மாத்தியிருக்கலாம், செய்யேல்ல.

இனி விசயத்துக்கு வாறன். காலமை பாதர் கதைச்சவர். வயசு கொஞ்சம் தான், மைக் இல்லாமலே கடைசி வாங்கு வரைக்கும் கேக்கிற குரல். அவர் எடுத்த உடன விஞ்ஞானம் கதைக்கேல்ல, பைபிளைத் திறவுங்கோ, தொடக்கநூல் முதலாம் அதிகாரம் எண்டார். சபை ஆக்கள் பக்கம் ஒரே சரசரப்பு, தாளைத் திருப்பித் திருப்பித் தேடுகினம், பிறகு தான் ஒரு சின்னப் பெட்டை எழும்பி, அம்மா அது எங்கட ஆதியாகமம் எண்டு சத்தமாச் சொன்னாள், மண்டபமே சிரிச்சிது. ஒரே புத்தகத்துக்கு ரெண்டு பேர் வச்சுக்கொண்டு இருக்கிற எங்களுக்கு உந்தச் சிரிப்புத் தேவை தான்.

ஒரு பெடியனை முதலாம் அதிகாரத்தையும் ஒரு பெட்டையை ரெண்டாம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லி, ஒவ்வொண்டும் எந்த ஒழுங்கில வருது எண்டு பலகையில எழுதினவர். நான் சின்னனில இருந்து கேட்ட கதை, ஒருநாளும் கவனிக்கேல்ல பாருங்கோ. முதலாம் அதிகாரத்தில மரஞ்செடி மூண்டாம் நாள், சூரியன் சந்திரன் நாலாம் நாள், பிறகு மீன், பறவை, மிருகம், கடைசியா ஆணும் பெண்ணுமா மனிசர். ரெண்டாம் அதிகாரத்தில மனிசன் முதல், பிறகு தோட்டம், பிறகு மிருகங்கள், அதுக்கும் பிறகு தான் பெண். இப்ப சொல்லுங்கோ, இதை எழுதின ஆக்களுக்குத் தாங்கள் எழுதினது ஒண்டோடொண்டு பொருந்தேல்ல எண்டு தெரியாமலோ ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சவை எண்டு கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. சூரியன் நாலாம் நாள் தான் வந்தது எண்டா முதல் மூண்டு நாளும் எப்பிடி விடிஞ்சது எண்டு 3ம் நூற்றாண்டிலயே ஒரிஜன் எண்ட கிறிஸ்தவ அறிஞர் கேட்டவராம். புனித அகுஸ்தீனார் கி.பி. 415 அளவில எழுதி முடிச்ச தொடக்கநூல் விளக்கத்தில, வானத்தையும் நட்சத்திரத்தையும் பற்றி வேதம் இல்லாத ஆக்களுக்கே வடிவாத் தெரிஞ்ச விசயத்தில, நாங்கள் பைபிளைக் கையில வச்சுக்கொண்டு பிழையாக் கதைச்சு வேதத்துக்கு வெக்கக்கேட்டைக் கொண்டு வராதேங்கோ எண்டு எச்சரிச்சிருக்கிறார். கூர்ப்புக் கொள்கையைச் சொன்ன டார்வின் பிறந்தது 1809. அதுக்கு ஆயிரத்து நானூறு வருசத்துக்கு முன்னமே உந்தக் கதை நடந்திருக்கு, நான் நினைச்சன் டார்வின் வந்த பிறகு தான் பாதர்மார் பயந்து போய்க் கதையை மாத்தினவை எண்டு.

பிறகு அவர் பாப்பரசர்மாரை வரிசையா விட்டார், 1950 ல பன்னிரண்டாம் பத்திநாதர் உடம்பு கூர்ப்படைஞ்சதோ எண்டு ஆராயத் தடை இல்ல ஆனா ஆன்மாவைக் கடவுள் தான் நேராப் படைக்கிறார் எண்டு எழுதினது, 1996 ல ரெண்டாம் யோவான் பவுல் கூர்ப்பு வெறும் கருதுகோள் நிலையைத் தாண்டீட்டுது எண்டது, 2014 ல பிரான்சிஸ் கடவுள் மந்திரக்கோல் பிடிச்ச மந்திரவாதி இல்ல எண்டது. எனக்கு நல்லாத் தான் இருந்தது, ஆனா திரும்பிப் பாத்தா தங்கச்சி ஃபோனை நோண்டிக்கொண்டு இருக்கிறாள். நியாயம் தானே, மண்டபத்தில அரைவாசி சபை ஆக்கள், அவைக்குப் பாப்பரசர் சொன்னா என்ன சொல்லாட்டி என்ன. டார்வினுக்கு அமெரிக்காவில முதல் முதல் தோள் குடுத்த தாவரவியலாளர் ஏசா கிரே பிரஸ்பிற்றேரியன் சபைக்காரர், மனித மரபணுத் திட்டத்துக்குத் தலைமை தாங்கின பிரான்சிஸ் கொலின்ஸ் சுவிசேஷ சபை வழி விசுவாசி, கூர்ப்பையும் ஏற்றுக்கொண்டவர். உதை நான் வீட்டில வந்து தேடித் தான் தங்கச்சிக்குச் சொன்னனான், பாதர் அங்கயே ரெண்டு வசனம் சொல்லியிருந்தா அவள் ஃபோனை வச்சிருப்பாள்.

அதுக்குப் பிறகு வந்த ரீச்சர் தான் அண்டைய நாளின்ர ஆள். ஓய்வு பெற்ற பயோ ரீச்சர், எழுபது வயசுக்குக் கிட்ட இருக்கும், பருத்திச் சீலை, கையில ஒரு சொப்பிங் பாக். புரொஜெக்டர் இல்லாதது நல்லதாப் போச்சு எண்டு சொல்லிப்போட்டு பாக்குக்குள்ள இருந்து ஒரு கல்லை எடுத்தா. பூநகரிப் பக்கம் கிணறு வெட்டேக்க வந்த சுண்ணாம்புக்கல்லு, உள்ளங்கை அளவு, வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் இடையில ஒரு நிறம். ஒவ்வொரு வரிசையாக் குடுத்து விட்டவ. என்ர கைக்கு வரேக்க நான் விரலால தடவிப் பாத்தன், ஒரு பக்கத்தில சின்னச் சிப்பியின்ர அச்சு, வரி வரியா, சீப்புப் பல்லு மாதிரி, நகத்தால சுரண்டினா நகம் தான் தேயுது. இந்த மண்ணில கடல் கிடந்த காலத்துச் சிப்பி, மயோசீன் காலம், 50 லட்சத்தில இருந்து 2 கோடி 30 லட்சம் வருசத்துக்கு இடையில எண்டா. தங்கச்சி அதை வாங்கி என்னை விடக் கூட நேரம் வச்சிருந்தவள்.

அடுத்தது ரீச்சர் கேட்டது, இரணைமடு எண்டா உங்களுக்கு என்ன ஞாபகம் வருது. குளம், வான் கதவு, குளிப்பு எண்டு பெடியள் கத்தினாங்கள். இலங்கையின்ர கற்காலத்தைப் பற்றி எழுதிற தொல்லியல் ஆக்கள் ஒரு வகைச் சிவத்த மண்ணும் சரளைக்கல்லும் சேந்த அடுக்குக்கு இரணைமடுப் படிவு எண்டு தான் பேர் வச்சிருக்கினமாம், எங்கட இரணைமடு! தெற்கில புந்தலப் பக்கம் அதே வகை அடுக்கில எடுத்த கல்லாயுதங்கள் கிட்டத்தட்ட 125,000 வருசம் பழசாம். 1650 ல அயர்லாந்துப் பேராயர் அஷர் பைபிளில இருக்கிற வயசுகளைக் கூட்டிக் கழிச்சு உலகம் கி.மு. 4004 ல படைக்கப்பட்டது எண்டு கணக்குச் சொல்லி, பிறகு அதை ஆங்கில பைபிள்களின்ர ஓரத்தில அச்சடிச்சவை, அந்தக் கணக்குப்படி உலகத்துக்கே வயசு ஆறாயிரம் சொச்சம் தான். அவ அஷரை நக்கலடிக்கேல்ல, அந்தக் காலத்தில கையில இருந்ததை வச்சு நேர்மையாக் கணக்குப் பாத்த மனுசன் எண்டு தான் சொன்னவ, அது எனக்குப் பிடிச்சுது.

பிறகு செய்தா பாருங்கோ ஒரு வேலை. எல்லாரும் கையேட்டை எடுங்கோ, 3ம் பக்கம், வலப்பக்கக் கரையில கறுப்பாச் சாய்ஞ்ச ஒரு கோடு இருக்கோ எண்டா. பாத்தா எல்லாற்றயிலயும் இருக்கு, ஒரே இடத்தில, ஒரே சாய்வில. ஃபோட்டோக்கொப்பி மெசினின்ர கண்ணாடியிலயோ மூலப்பிரதியிலயோ ஏதோ ஊத்தை. நூறு பேரின்ர பேப்பரில தனித்தனியா ஒரே இடத்தில ஊத்தை விழுந்ததெண்டு ஆராவது சொல்லுவியளோ, எல்லாம் ஒரே பிரதியில இருந்து வந்தது எண்டு தானே சொல்லுவியள். அதுபோலத் தான், கனக்க மிருகங்கள் விற்றமின் சீயைத் தங்கட உடம்பிலயே செய்யும், எங்களுக்கும் குரங்குகளுக்கும் அதைச் செய்யிற பரம்பரை அலகு (மரபணு) பழுதாக் கிடக்கு, அதின்ர உடைஞ்ச மிச்சம் இன்னும் உள்ளுக்க இருக்கு. எங்களுக்கு நிறமூர்த்தம் 46, சிம்பன்சிக்கு 48, ஏன் ரெண்டு குறைஞ்சது எண்டு பாத்தா எங்கட ரெண்டாம் நிறமூர்த்தத்தில ரெண்டு பழைய நிறமூர்த்தம் முனைக்கு முனை ஒட்டின அடையாளம் இருக்குதாம். நான் கையேட்டைப் பற்றி மேல திட்டினன் தானே, அந்தக் கோட்டுக்காக ஒரு புள்ளி திருப்பிக் குடுக்கிறன்.

ஒரு பெடியன் வழமையான கேள்வியைக் கேட்டான், அப்ப குரங்கில இருந்தோ மிஸ் மனிசன் வந்தவன்? குரங்கு உனக்கு அப்பப்பா இல்ல அப்பன், ஒண்டுவிட்ட சகோதரம், ரெண்டு பேருக்கும் எங்கயோ மேல ஒரு பூட்டன் இருந்தவர் எண்டா. எங்கட வளவுத் தென்னையில ஒரு குரும்பட்டி மிச்சம் விடாத கோஷ்டி எனக்கு மச்சானோ மருமகனோ எண்டு எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. கொள்கை எண்ட சொல்லைப் பற்றியும் சொன்னவ, கூர்ப்புக் கொள்கை எண்டோடன எங்கட சனம் கட்சிக் கொள்கை மாதிரி விரும்பினவன் பிடிக்கலாம் விரும்பாதவன் விடலாம் எண்டு நினைக்குது, கிருமியால வருத்தம் வருகுது எண்டதும் ஒரு கொள்கை தான், அதுக்காகக் கை கழுவாமலோ இருக்கிறியள். மூத்தவள் அந்த இடத்தில தான் எழுதத் தொடங்கினவள், ஆறு பக்கம்.

சாப்பாடு ரெண்டு மணிக்கு. சோறு, மீன் குழம்பு, பூசணிக்காய், பயித்தங்காய், அப்பளம், குறை சொல்ல ஏலாது, பிந்தினது தான்.

ஆனா அந்தச் சாப்பாட்டுக்கு அவசரப்பட்டுத் தான் ஆதாமின்ர விசயத்தை அஞ்சு நிமிசத்தில முடிச்சவை, இது பெரிய குறை. ஆறு நாள் எண்டது உண்மையில லேசான பகுதி, ஆறு நாளைக் கவிதை எண்டு எடுத்துக்கொண்டு ஆரும் தாண்டிப் போகலாம். ஆதாமைத் தாண்ட ஏலாது. எங்கட பரம்பரை அலகுகளைப் பாத்தா மனிச இனம் எந்தக் காலத்திலயும் ரெண்டே ரெண்டு பேராச் சுருங்கினதாத் தெரியேல்ல, ஆயிரக்கணக்கில தான் இருந்திருக்கினம் எண்டு ரீச்சர் சொன்னவ. அப்ப ஆதாமிட்ட இருந்து பிறப்போட எல்லாருக்கும் வருது எண்டுற ஜென்மப் பாவம் ஆரிட்ட இருந்து ஆருக்கு வந்தது? பன்னிரண்டாம் பத்திநாதரின்ர அந்த 1950 நிருபத்திலயே மனிசர் எல்லாரும் ஒரே ஆதாமில இருந்து வரேல்ல எண்ட கருத்தை ஜென்மப் பாவத்தோட எப்பிடிப் பொருத்திறது எண்டு தெரியேல்ல எண்டு தானே எழுதியிருக்கு, அதைப் பாதர் சொல்லாமல் விட்டிட்டு ஆதாம் எண்டா எபிரேயத்தில மனிசன் எண்டு கருத்து, மண்ணில இருந்து வந்தவன் எண்டு விளக்கிப்போட்டுக் கையைக் கழுவப் போட்டார். ஒத்துப்போகும் ஒத்துப்போகும் எண்டு சொல்லுற ஆக்கள் கஷ்டமான இடத்தில வேகமா நடக்கிறதை நான் அண்டைக்குக் கண்டன்.

பின்னேரம் ஒரு பாஸ்ரருக்கு இருபது நிமிசம். இருபது நிமிசம்! காலமை ரெண்டு பேருக்கும் சேத்து நாலு மணித்தியாலம். கூப்பிட்டா ஒழுங்காக் கூப்பிட வேணும். மனுசன் கோவப்படேல்ல, மரியாதையாத் தான் கதைச்சவர், ஆறு நாள் எண்டா ஆறு நாள், நோவாவின்ர வெள்ளம் தான் பாறை அடுக்குகளுக்குக் காரணம் எண்டு. உந்த வெள்ளக் கதை இப்ப இருக்கிற உருவத்தில பரவினது 1961 ல அமெரிக்காவில வந்த ஒரு புத்தகத்தோட தான் எண்டு ரீச்சர் சொல்ல, பழசோ புதுசோ, பிழை எண்டு காட்டுங்கோ எண்டார், அதுவும் நியாயமான பதில். ரீச்சர், ஒரு வெள்ளம் அள்ளிப் போட்டதெண்டா எல்லாம் கலந்தெல்லோ கிடக்க வேணும், ஏன் அடியில எப்பவும் ஒரு வகை, மேல இன்னொரு வகை எண்டு கேட்டவ, அதுக்கு அவரிட்ட எனக்குத் திருப்தியான பதில் வரேல்ல. தங்கச்சிக்கும் வரேல்ல எண்டு முகத்தில தெரிஞ்சுது, வாயால சொல்லமாட்டாள்.

அப்ப தான் பின்வரிசையில இருந்து ஒரு அம்மா எழும்பினவ. வெள்ளைச் சீலை, கையில செபமாலை. அவட கதை இஞ்ச எல்லா வீட்டிலயும் இருக்கிற கதை தான், 2009 கடைசிச் சண்டை, நான் எழுதத் தேவையில்ல. அவ கேட்டது இது: ஆறு நாளோ ஆறு கோடி வருசமோ எனக்கு அதில ஒண்டும் இல்ல பாதர். சாவு ஆதாம் செய்த பாவத்தால வந்தது எண்டு தான் எனக்குச் சொல்லித் தந்தவை, அதால கடவுளில நான் கோவிக்கேல்ல. இப்ப நீங்கள் மனிசன் வாறதுக்கு முன்னமே கோடி வருசமாச் செத்துச் செத்துத் தான் எல்லாம் வந்தது எண்டுறியள், அப்ப சாவைச் செய்தது ஆர்?

ஃபேன் வேற இல்ல, ஒரு சத்தமும் இல்ல. பாஸ்ரர் முதல் சொன்னவர், அம்மா நீங்கள் முதல் படிச்சது தான் சரி, சாவு சத்துரு, கர்த்தர் அதைச் செய்யேல்ல, ரோமர் அஞ்சாம் அதிகாரம். உண்மையைச் சொன்னா அவற்ற கணக்கில இந்தக் கேள்விக்கு விடை நேரா வருது, கல்லு ஒத்துவரேல்ல எண்டாலும். பாதர் கன நேரம் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவர். ரோமருக்கு எழுதின பவுல் சொன்னது கடவுளை விட்டுப் பிரியிற சாவு எண்டு தொடங்கினவர், அந்த அம்மா தலையை ஆட்டிற விதத்தைப் பாத்திட்டு நிப்பாட்டீட்டார். பிறகு, கல்லுப் பொய் சொல்லாது அம்மா, சாவு முதலே இருந்திருக்கு, கடவுள் ஏன் இந்த வழியால உயிரைக் கொண்டு வந்தவர் எண்டு எனக்குத் தெரியாது, அந்தச் சாவுக்குள்ள அவரும் இறங்கினவர் எண்டதை மட்டும் பிடிச்சுக்கொண்டு பூசை வைக்கிறன் எண்டார். தெரியாது எண்டு ஒரு பாதர் மைக்கில சொன்னதை நான் முதல் தரம் கேட்டது அண்டைக்குத் தான் (மைக் வேலை செய்யேல்ல எண்டது வேற கதை).

ரீச்சர் தான் பிறகு எழும்பிப் போய் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில இருந்தவ. டார்வின் முதலில குருவானவராக எண்டு தான் கேம்பிரிட்ஜில படிச்சவர் அம்மா, புழுவின்ர உடம்புக்குள்ள முட்டை போட்டு உயிரோட தின்ன விடுற குளவியை நல்ல கடவுள் வேணுமெண்டு படைச்சிருப்பாரோ எண்டு 1860 ல கடிதம் எழுதினவர், அதுக்கு ஒம்பது வருசத்துக்கு முதல் பத்து வயசுப் பொம்பிளைப் பிள்ளையைச் சாகக் குடுத்தவர், அவரும் நீங்கள் கேட்டதைத் தான் கேட்டவர் எண்டா. 1879 ல, ஒருத்தர் கடவுளை உறுதியா நம்பிக்கொண்டு கூர்ப்பையும் ஏற்கலாம் எண்டதில சந்தேகப்படுறதே அபத்தம் எண்டு எழுதினதும் அதே டார்வின் தானாம். அந்த அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி, பிள்ளைக்கு என்ன பேர் எண்டு. ஆனி எண்டு ரீச்சர் சொல்ல, ஓம் எண்டு சொல்லிப்போட்டுச் செபமாலையைச் சுத்திக்கொண்டு இருந்தவ.

பஸ்ஸில தங்கச்சி சொன்னாள், பாதர் நழுவீட்டார், தெரியாட்டி ஏன் வகுப்பு வச்சவர் எண்டு. எனக்கு அந்த ஒரு தெரியாதுக்காகவே 1000 ரூபா சரி. மூத்தவள் கொப்பியைத் திறந்திட்டாள், தங்கச்சிட மகனோட இன்னும் வாய்ச்சண்டை தான், ஆனா இப்ப இவளிட்டயும் கதைக்க ஏதோ இருக்கு.

5க்கு எத்தினை எண்டு கேட்டா மூண்டரை. ரீச்சருக்கு மட்டும் எண்டா அஞ்சு. போற ஆக்கள் தண்ணிப் போத்தலும் விசிறியும் கொண்டு போங்கோ, முன்வரிசையில இருங்கோ, பைபிள் எது இருக்கோ அதைக் கொண்டு போங்கோ, பிள்ளையளைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆதாமுக்கு அரை மணித்தியாலமும் பாஸ்ரருக்கு ஒரு மணித்தியாலமும் குடுங்கோ எண்டு நடத்தின ஆக்களிட்டச் சொன்னனான், எழுதிக்கொண்டவை. கையேட்டை எங்கட தமிழுக்கு மாத்திறதெண்டா நானும் மூத்தவளும் இருந்து செய்து தாறம் எண்டும் சொன்னனான், ஃபோன் நம்பரும் வாங்கினவை, இன்னும் ஒருத்தரும் எடுக்கேல்ல.